சிட்டையில் எழுதாத செலவு: அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரதிநிதிகள் அவையிலும் செனட்டிலும் இருக்கும் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் நியூஜெர்சி மாநிலம் எடிசனில் வசிக்கிறேன். ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு சின்ன அலுவலகம். ஜனவரி முதல் ஏப்ரல் பாதி வரை வருமான வரிப் படிவங்கள், மற்ற மாதங்களில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என்று இருபது வருடத்துக்கும் மேலாகத் தொழில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிறந்த ஊர் காரைக்குடிப் பக்கம். 1999இல் கணவரின் வேலை விசாவோடு வந்தேன். இப்போது இந்த நாட்டுக் குடிமகள். உள்ளூர்ப் பள்ளி வாரியத் தேர்தலைக்கூட விடாமல் வாக்களிப்பவள்.

இந்த மடலின் ஆங்கிலப் பிரதி என் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தனியாகப் போகிறது. இருந்தும் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே வாக்குரிமை வாங்கிய பிறகும், போர், பாதுகாப்பு என்று பேச்சு எடுத்தால் 'அது நம்ம விஷயம் இல்லை' என்று ஒதுங்கிக்கொள்ளும் என் மக்கள் நிறையப் பேர். நான் உங்களிடம் பேசுவதை அவர்களும் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2001 செப்டம்பரில் நீங்கள் நிறைவேற்றிய படைப் பயன்பாட்டுத் தீர்மானத்தை நீக்குங்கள். இனிமேல் எந்தப் போருக்கு அனுமதி கொடுத்தாலும், அதற்கான பணம் யாரிடமிருந்து வரும் என்பதை அதே மசோதாவில் எழுதுங்கள். இந்த இரண்டும் எனக்கு ஏன் ஒரே கோரிக்கையாகத் தெரிகின்றன என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

என் தாத்தா பர்மாவில், பெகு நகரத்து லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து கணக்கப்பிள்ளையாக உயர்ந்தவர். 1942இல் ஜப்பான் படை வந்தபோது கால்நடையாகவே இந்தியா வந்து சேர்ந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். வரவையும் செலவையும் அன்றன்றைக்கே சிட்டையில் எழுத வேண்டும். அதிலிருந்து பேரேட்டுக்கு ஏற்ற வேண்டும். பிறகு ஐந்தொகை எடுக்க வேண்டும். சிட்டையில் ஏறாத செலவு பேரேட்டிலும் ஏறாது. ஐந்தொகை பார்க்க அழகாக இருக்கும், கடைதான் மூழ்கிக்கொண்டிருக்கும். 2001 முதல் 2011 வரையான உங்கள் பத்து வருடக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

2001 செப்டம்பர் 11 காலையில் நான் ஜெர்சி சிட்டியில் இருந்தேன். ஹட்சன் ஆற்றின் இந்தக் கரையில் நின்றவர்களுக்கு, எதிரே இரட்டைக் கோபுரங்கள் விழுவதைப் பார்க்கத் தொலைக்காட்சி தேவைப்படவில்லை. 2,977 பேர் இறந்தார்கள். நியூஜெர்சிக்காரர்கள் மட்டுமே 700க்கும் மேல். அந்த வாரம் முழுக்க ரயில் நிலைய வாகன நிறுத்தத்தில் யாரும் எடுக்க வராத கார்கள் நின்றன. ஒரு காரின் பின்னிருக்கையில் குழந்தைக்கான இருக்கை பொருத்தியிருந்தது. தினமும் அதைக் கடந்துதான் போனேன். அந்த நாள்களில் யாராவது வந்து 'என்ன செய்யலாம்?' என்று கேட்டிருந்தால், எதற்கும் சரி என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். உங்களைக் குறை சொல்லும் முன் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் நான் கோபத்தில் இருந்த ஒரு சாதாரண ஆள். நீங்கள் சட்டம் எழுதுகிறவர்கள். எங்கள் கோபம் தணிந்த பிறகும் நிலைத்து நிற்பது நீங்கள் எழுதியதுதான்.

மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 14ஆம் தேதி, நீங்கள் எழுதியது ஆங்கிலத்தில் 60 சொற்கள் கொண்ட ஒரே வாக்கியம். அந்தத் தாக்குதலைத் திட்டமிட்டவர்கள், நடத்தியவர்கள், உதவியவர்கள், அவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் என்று ஜனாதிபதி யாரைத் தீர்மானிக்கிறாரோ, அவர்கள்மீது தேவையான படைபலத்தைப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். நாட்டின் பெயர் இல்லை. முடிவுத் தேதி இல்லை. செலவு வரம்பு இல்லை. செனட்டில் 98க்கு 0. பிரதிநிதிகள் அவையில் 420க்கு 1. எதிர்த்த அந்த ஒருவர் கலிபோர்னியாவின் ஓக்லண்டிலிருந்து வந்த பார்பரா லீ. கொஞ்சம் நிதானிப்போம், இது எங்கே போய் முடியும் என்று யோசிப்போம் என்றார். அதற்காக அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது.

அந்த வாக்கியம் இன்றும் அமலில் இருக்கிறது. அல் கொய்தாவுக்காக எழுதியதை வைத்து யேமனிலும் சோமாலியாவிலும் குண்டு போட்டார்கள். 2014இல் இராக்கிலும் சிரியாவிலும் ஐஎஸ் அமைப்பின் மீது போர் தொடங்கியபோதும் அதையே காட்டினார்கள். 2001இல் அப்படி ஓர் அமைப்பே இல்லை. குவாண்டனாமோவில் வழக்கு இல்லாமல் ஆட்களை அடைத்து வைப்பதற்கும் அதுதான் ஆதாரம். 2002 ஜனவரியில் திறந்த அந்தச் சிறைக்குள் ஏறக்குறைய 780 பேர் போனார்கள். ஜனாதிபதி ஒபாமா 2009 ஜனவரியில், பதவியேற்ற இரண்டாம் நாளே, ஒரு வருடத்தில் மூடுவேன் என்று கையெழுத்துப் போட்டார். கைதிகளை இடம் மாற்றப் பணம் தர முடியாது என்று தடுத்தது உங்கள் அவைகள்தான்.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

1998 முதல் 2001 வரை நான்கு வருடம் தொடர்ந்து இந்த நாட்டின் பட்ஜெட்டில் உபரி இருந்தது. 2000ஆம் நிதியாண்டில் 23,600 கோடி டாலர் மிச்சம். 2001 செப்டம்பரில் நாட்டின் மொத்தக் கடன் சுமார் 5.8 லட்சம் கோடி டாலர். பத்து வருடம் கழித்து, 2011 செப்டம்பரில், அது 14.8 லட்சம் கோடி. இதில் எல்லாமே போரால் வந்தது என்று சொன்னால் நான் என் தொழிலுக்குத் துரோகம் செய்தவள் ஆவேன். வரிக்குறைப்பு, 2008 நிதி நெருக்கடி, அதில் வேலை போய் வரி வருமானம் சரிந்தது, முதியோர் மருத்துவச் செலவு, எல்லாம் அதில் கலந்திருக்கிறது. ஆனால் போர்ச் செலவை மட்டும் நீங்கள் வேறு மாதிரி நடத்தினீர்கள். அதுதான் என் புகார்.

உங்கள் முன்னோர் அப்படிச் செய்யவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது உச்ச வரி விகிதம் 94 சதவீதம் வரை போனது. நான் தினமும் கையாளும் சம்பளத்திலேயே வரி பிடிக்கும் முறை இருக்கிறதே, அது 1943இல் அந்தப் போருக்காக வந்தது. கொரியப் போருக்கு ட்ரூமன் வரியை ஏற்றினார். வியட்நாம் செலவு கை மீறியபோது, ஜான்சன் மனமில்லாமல்தான் என்றாலும், 1968இல் வருமான வரிமீது 10 சதவீத உபவரி போட்டார். போர் என்றால் வீட்டுக்கு வீடு சுமை வரும் என்று அந்தத் தலைமுறைகளுக்குத் தெரிந்திருந்தது. சுமை வந்ததால் கேள்வியும் வந்தது.

இந்த முறை நடந்தது என்ன? 2003 மார்ச்சில் இராக்குக்குள் படை நுழைந்தது. இரண்டே மாதத்தில், மே 23ஆம் தேதி, செனட்டில் ஒரு வாக்கெடுப்பு. 50க்கு 50 என்று நின்றபோது துணை ஜனாதிபதி செனி வந்து தன் வாக்கைப் போட்டு முடித்து வைத்தார். அது வரியைக் குறைக்கும் மசோதா. பங்கு ஈவுத்தொகைக்கும் மூலதன ஆதாயத்துக்கும் உச்ச வரி 15 சதவீதமாக இறங்கியது. போர் நடந்துகொண்டிருக்கும்போது வசதியானவர்களின் வரியைக் குறைப்பதா என்று அவையிலேயே சிலர் கேட்டது பதிவில் இருக்கிறது. கேட்டவர்கள் தோற்றார்கள்.

அந்த வாக்கெடுப்பின் இரண்டு முனைகளும் என் மேசைக்கு வந்தன. ஒரு வாடிக்கையாளர், நல்ல மனிதர், பங்குகளில் வாழ்பவர். அடுத்த வருடம் படிவம் முடித்துக் காட்டியபோது 'இவ்வளவு குறைந்துவிட்டதா?' என்று மகிழ்ந்தார். இன்னொருவர் ஏர்கண்டிஷனர் பழுது பார்ப்பவர், நேஷனல் கார்டு படையில் பகுதிநேர வீரர். மாதத்தில் ஒரு வார இறுதிப் பயிற்சி, கல்லூரிச் செலவுக்கு உதவும் என்று சேர்ந்தவர். 2004இல் ஒரு முறை, 2008இல் மறுபடி ஒரு முறை, இரண்டு தடவை அவரை இராக்குக்கு அனுப்பினார்கள். போர்க்களச் சம்பளத்துக்கு வரி கிடையாது. வருடச் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவத்தின் 12ஆம் கட்டத்தில் 'க்யூ' என்ற ஓர் எழுத்தோடு அந்தத் தொகை வரும். இரண்டாவது முறை போய் வந்த வருடம் அவருடைய படிவத்தில் வருமானம் என்று இருந்தது கிட்டத்தட்ட அந்த ஓர் எழுத்து மட்டும்தான். கடை மூடியாகிவிட்டது. வாடிக்கையாளர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். மனைவி படிவத்தில் கையெழுத்துப் போட்டார், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

1973க்குப் பிறகு கட்டாய ராணுவச் சேவை இல்லை. திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். ஆனால் உங்களில் எத்தனை பேரின் பிள்ளைகள் அந்தப் படையில் இருந்தார்கள், எங்கள் தெருவில் எத்தனை வீட்டிலிருந்து போனார்கள் என்று எண்ணிப் பார்த்தால், ஒரு சிறு கூட்டத்தையே திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டு மற்றவர்கள் எல்லாரும் வேலையைப் பார்த்தோம் என்பது தெரியும். தாக்குதல் நடந்து இரண்டே வாரத்தில், சிகாகோ விமான நிலையத்தில் நின்று ஜனாதிபதி புஷ் மக்களிடம் கேட்டது விமானத்தில் ஏறுங்கள், டிஸ்னி வேர்ல்டுக்குப் போங்கள் என்பது. விமானத் தொழில் அப்போது விழுந்து கிடந்தது உண்மைதான். செப்டம்பர் 22ஆம் தேதியே அதற்கு 500 கோடி டாலர் ரொக்கமும் 1,000 கோடி டாலர் கடன் உத்தரவாதமும் கொடுத்தீர்கள். அப்படிக் கொடுத்தும் யுனைட்டட் 2002இல் திவால் நீதிமன்றத்துக்குப் போனது, டெல்டா 2005இல். ஆனால் நாட்டுக்காக எதையாவது சுமக்கத் தயாராக இருந்த மக்களிடம் செலவு செய்யுங்கள் என்று மட்டும் கேட்டது ஒரு பெரிய வாய்ப்பைத் தொலைத்த மாதிரி என்று இன்றும் எனக்கு வருத்தம் இருக்கிறது.

போரின் விலையை முன்கூட்டியே சொல்ல முயன்றவர்கள் உங்கள் ஊரிலேயே இருந்தார்கள். வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே 2002 செப்டம்பரில், இராக் போருக்கு 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்றார். பட்ஜெட் இயக்குநர் அது மிக மிக அதிகம் என்று மறுத்தார். பிறகு 5,000, 6,000 கோடி என்று ஒரு கணக்கு வந்தது. டிசம்பரில் லிண்ட்சே பதவியில் இல்லை. புதிய வரிக்குறைப்பு வேண்டாம் என்ற நிதியமைச்சர் பால் ஓநீலும் அதே நாள்களில் வெளியேற்றப்பட்டார். தரைப்படைத் தலைவர் ஜெனரல் ஷின்செகி பல லட்சம் வீரர்கள் தேவைப்படுவார்கள் என்றதற்குப் பொதுவெளியிலேயே மறுப்பு வாங்கினார். இராக் தன் எண்ணெய்ப் பணத்தில் தன்னைத்தானே சீர்படுத்திக்கொள்ளும் என்று பாதுகாப்புத் துறையின் துணைச் செயலர் உங்கள் குழு முன்னாலேயே சொன்னார். உங்கள் ஆய்வுப் பிரிவே 2011 மார்ச்சில் கூட்டிக் காட்டிய தொகை, இராக், ஆப்கானிஸ்தான், அவற்றோடு வந்த மற்றப் பாதுகாப்புப் பணிகள் எல்லாம் சேர்த்து 1.28 லட்சம் கோடி டாலர். இராக் மட்டும் 80,600 கோடி. லிண்ட்சே சொன்ன உச்ச அளவைப் போல நான்கு மடங்கு.

இவ்வளவு பணத்தை எப்படி அனுமதித்தீர்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடாத பகுதி. வழக்கமான பட்ஜெட்டுக்குள் வைக்கவில்லை. 'அவசரத் துணை ஒதுக்கீடு' என்று தனித் தனி மசோதாவாக, வருடா வருடம். முதல் வருடம் அவசரம், சரி. இரண்டாவது வருடமும் போகட்டும். ஏழாவது வருடமும் எதிர்பாராத அவசரம் என்று என் வாடிக்கையாளர் யாராவது சொன்னால் அவர் கணக்கில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பிறகு 'வெளிநாட்டு அவசரகால நடவடிக்கைகள்' என்று பெயரை மாற்றினீர்கள். 2011 ஆகஸ்டில் கடன் உச்சவரம்புச் சண்டை முடிந்து, பள்ளி, ஆராய்ச்சி, வீட்டுவசதி எல்லாவற்றின் மீதும் செலவு வரம்பு போட்டீர்கள். அந்தத் தலைப்பை மட்டும் வரம்புக்கு வெளியே வைத்தீர்கள். அதே வாரம்தான் எஸ் அண்ட் பி நிறுவனம் வரலாற்றில் முதல் முறையாக இந்த நாட்டின் கடன் தரத்தை ஒரு படி இறக்கியது. கையிருப்பு இல்லாத கடைக்காரர் மளிகைக் கடனை ஒரு நோட்டிலும் வட்டிக்கடனை இன்னொரு நோட்டிலும் எழுதி, இரண்டாவது நோட்டை மனைவியிடம் காட்டாமல் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பணம் போன இடங்களில் புதிய பொருளாதாரமே முளைத்தது. 22 அரசு அமைப்புகளைச் சேர்த்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை உருவானது. சமைப்பது, லாரி ஓட்டுவது, காவல் நிற்பது, விசாரிப்பதுவரை ஒப்பந்த நிறுவனங்களுக்குப் போனது. நீங்களே அமைத்த போர்க்கால ஒப்பந்த ஆணையம் 2011 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது: வீணாகவும் மோசடியிலும் போனது 3,100 கோடி முதல் 6,000 கோடி டாலர் வரை. வாஷிங்டனைச் சுற்றியுள்ள லௌடன், ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டங்கள் நாட்டின் மிக வசதியான மாவட்டங்களின் வரிசையில் முதலில் வந்தன. அதே காலத்தில் மத்திய வங்கி வட்டியை 2001 டிசம்பரில் 1.75 சதவீதத்துக்கும், 2003 ஜூனில் 1 சதவீதத்துக்கும் இறக்கியது. வீட்டுக்கடன் மலிந்தது. 2008 சரிவுக்குப் போர்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வங்கிகளின் பேராசைக்குப் போர் தேவைப்படவில்லை. ஆனால் சரிவு வந்தபோது தாங்கிப் பிடிக்க இருந்திருக்க வேண்டிய உபரி எங்கே போயிருந்தது என்பதை மறைக்க முடியாது. அந்த இரண்டு வருடங்களில் என் வாடிக்கையாளர்களில் பலர், வேலையில்லாக் காலத்து உதவித்தொகைக்கும் வரி உண்டு என்பதைத் தெரிந்துகொண்டார்கள்.

அப்புறம் அரசியல். 2002 அக்டோபரில் இராக் போருக்கான அனுமதி, நாடாளுமன்ற இடைக்காலத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னால், 296க்கு 133, 77க்கு 23 என்று நிறைவேறியது. வாக்களித்த பலருக்கு உள்ளுக்குள் சந்தேகம் இருந்தது என்பதைப் பிற்பாடு அவர்களே சொன்னார்கள். வாய் திறக்கப் பயந்தார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரமும் இருந்தது. வியட்நாமில் இரண்டு கால்களையும் ஒரு கையையும் இழந்த ஜார்ஜியா செனட்டர் மேக்ஸ் கிளேலண்டை, பின்லேடன், சதாம் படங்களைக் காட்டிய ஒரு விளம்பரத்தோடு அந்தத் தேர்தலில் தோற்கடித்தார்கள். 2006இல் மக்கள் போர் வேண்டாம் என்று இரு அவைகளையும் மாற்றினார்கள். பணம் நிற்கவில்லை. 2008இல் இராக் போரை ஆரம்பத்திலேயே எதிர்த்தவர் என்று ஒபாமாவைத் தேர்ந்தெடுத்தார்கள். 2009 டிசம்பர் 1ஆம் தேதி அவர் ஆப்கானிஸ்தானுக்கு இன்னும் 30,000 வீரர்களை அறிவித்தார். 2016இல் இராக் போர் மாபெரும் தவறு என்று குடியரசுக் கட்சி மேடையிலேயே முழங்கிய டிரம்ப் ஜெயித்தார். எந்தப் பக்கம் வாக்களித்தாலும் போர் விஷயத்தில் எதுவும் மாறாது என்று ஒரு தலைமுறை நினைக்க ஆரம்பித்தது. இன்று உங்கள் அவைமீது மக்களுக்கு இருக்கும் அவநம்பிக்கைக்கு வேறு காரணங்களும் உண்டு. எனக்குத் தெரிந்தவர்கள் பலருக்கு அது இங்கேதான் தொடங்கியது.

பயம் எங்கள் தெருவுக்கும் வந்தது. தாக்குதல் நடந்த நான்காம் நாளே அரிசோனாவில் தலைப்பாகை கட்டிய ஒரு சீக்கியரை, முஸ்லிம் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றான் ஒருவன். நாங்கள் எல்லோரும் காரில் கொடி ஒட்டிக்கொண்டோம். 2002 முடிவில் 25 நாடுகளைச் சேர்ந்த ஆண்கள் நேரில் வந்து பதிவு செய்ய வேண்டும் என்ற உத்தரவு வந்தது. வட கொரியாவைத் தவிர மற்றவை எல்லாம் முஸ்லிம் மக்கள் அதிகம் வாழும் நாடுகள். 80,000க்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்றார்கள். 13,000க்கும் மேற்பட்டவர்கள்மீது நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கியது. பயங்கரவாதக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் அதில் ஒருவரும் இல்லை. என் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர் பாகிஸ்தானியத் தையல்காரர். 2003 பிப்ரவரியில் கணக்கு நோட்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டு, பனியில் குடும்பத்தோடு கனடா எல்லைக்குக் கிளம்பினார். பாக்கி ஃபீஸை மறக்காமல் மேசையில் வைத்துவிட்டுத்தான் போனார்.

உங்கள் சட்டத்தின் காற்று எங்கள் சொந்த ஊர்வரை அடித்தது. பயங்கரவாதத்தை ஒடுக்கச் சொன்ன ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1373ஆம் தீர்மானத்துக்குப் பிறகு பல நாடுகள் புதுச் சட்டம் போட்டன. இந்தியாவில் நாடாளுமன்றத் தாக்குதலும் சேர்ந்துகொள்ள, 2002 மார்ச்சில் 'பொடா' என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கூட்டணியில் இருந்த வைகோவே, திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக அதே சட்டத்தில் கைதாகி, ஒன்றரை வருடத்துக்கும் மேல் வேலூர் சிறையில் இருந்தார். 2011இல், நம் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நியூயார்க்கில் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, கோட்டையும் காலணியையும் வாங்கிச் சோதித்தார்கள். அமெரிக்க அரசு பிறகு வருத்தம் தெரிவித்தது. பத்து வருடம் ஓடியும் பயம் தணியவில்லை என்று அன்று புரிந்தது.

இதுவரை நான் பேசியது நம் பணம், நம் தேர்தல். இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. பிரவுன் பல்கலைக்கழகத்தின் போர்ச் செலவு ஆய்வுக் குழு 2021இல் சொன்னது: 2001க்குப் பிந்தைய போர்களில் நேரடியாகக் கொல்லப்பட்டவர்கள் சுமார் 9 லட்சம் பேர். வீட்டை விட்டு ஓடியவர்கள் குறைந்தது 3.8 கோடி. இராக்கில் பேரழிவு ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை. 2003 மே மாதம் இராக் ராணுவத்தை ஒரே உத்தரவில் கலைத்து, ஆயுதம் பழகிய லட்சக்கணக்கான ஆண்களைச் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2014இல் மோசூல் நகரம் ஐஎஸ் கையில் விழுந்தபோது அந்த உத்தரவை நினைத்துப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? அந்த ஜனங்களின் சேதத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியாது. அதற்கு டாலரில் ஒரு தொகை போட எனக்கு மனம் வரவில்லை.

வீரர்களின் கணக்கும் முடியவில்லை. அதே குழுவின் கணிப்பில், இந்தப் போர்களில் களத்தில் இறந்த அமெரிக்க வீரர்கள் 7,000க்குச் சற்று மேல். பணியில் இருந்தோ திரும்பி வந்தோ தற்கொலை செய்துகொண்டவர்கள் அதைப் போல நான்கு மடங்கு. மொத்தச் செலவாக அவர்கள் சொல்லும் 8 லட்சம் கோடி டாலரில் 2 லட்சம் கோடிக்கும் மேல், வரும் வருடங்களில் முன்னாள் வீரர்களைப் பராமரிக்க ஆகும் செலவு. போர்முகாம்களில் குழி வெட்டிக் குப்பையை எரித்த புகையால் நோய்ப்பட்ட வீரர்களுக்கு நீங்கள் சட்டம் போட்டது 2022இல்தான். என் ஏர்கண்டிஷனர் நண்பருக்கு இப்போது நுரையீரல் சரியில்லை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் வருகிறார். மாடிப்படி ஏறி வந்ததும் ஐந்து நிமிடம் பேச மாட்டார். நான் தண்ணீர் வைத்துவிட்டுக் காத்திருப்பேன்.

ஆகவே கேட்கிறேன். 2001 தீர்மானத்தை நீக்குங்கள். படை தேவை என்று நினைத்தால் புதிதாக எழுதுங்கள். எதிரி யார், எந்த நாட்டில், எந்தத் தேதிவரை என்று எழுதுங்கள். தேதி முடிந்ததும் மறுபடி வாக்கெடுப்பு வையுங்கள். 2009 நவம்பரில், நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைவராக இருந்த டேவிட் ஓபி ஆப்கானிஸ்தான் போருக்காக ஒரு தனி உபவரி போட மசோதா கொண்டுவந்தார். அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. அதைத் தூசு தட்டி எடுங்கள். வரி என்றால் மக்கள் கோபப்படுவார்கள் என்பீர்கள். கோபப்படட்டும். அந்தக் கோபத்தோடு கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தால்தான் போருக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

என் தொழிலிலிருந்து இன்னொன்று. போரில் ஒவ்வொரு வரிதாரரின் பங்கு எவ்வளவு என்று பாதுகாப்புத் துறை வெளியிட வேண்டும் என்ற விதியை ஏற்கனவே போட்டிருக்கிறீர்கள். அதைத் தேடிப் போய்ப் பார்ப்பவர் யார்? எல்லாரும் நிரப்பும் 1040 வருமான வரிப் படிவத்தில் ஒரு வரி சேருங்கள். 'இந்த வருடப் போர்களில் உங்கள் பங்கு' என்று ஒரு கட்டம். நான் அதை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் விரலால் தொட்டுக் காட்டுவேன், தமிழிலும் சொல்வேன்.

விமான நிலையத்தில் காலணியைக் கழற்றும் விதியைக்கூட 2025 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். அந்த 60 சொற்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. உங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு வழக்கமாக வரும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' கடிதம் இந்த முறை வேண்டாம். நீக்கும் மசோதா எந்தத் தேதியில் வாக்கெடுப்புக்கு வரும், நீங்கள் எந்தப் பக்கம் வாக்களிப்பீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள், போதும்.

இப்படிக்கு,
எடிசனில் கணக்கு எழுதும் ஒரு வாக்காளர்